செங்கல் வேண்டாம், இரும்புப் பட்டை வேண்டும்: தோட்ட நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்ட நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் வீசிய பேய்க்காற்றில் கீழ் லயத்து வீடுகளின் கூரை பறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். மறுநாளே ஆளனுப்பிப் பழைய தகரங்களைத் திரும்ப அடித்து, அவற்றின்மேல் செங்கற்களையும் அடுக்கச் செய்தமைக்கு நன்றி. ஆயினும் அந்தச் செங்கற்களைப் பற்றித்தான் இம்மடலை எழுத வேண்டியிருக்கிறது.

செம்பனைக் காட்டுக்குள் கிடந்த தகரங்களைப் பொறுக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். அவற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஆணிகளில் பெரும்பாலானவை வளையவே இல்லை. காற்று பக்கவாட்டில் தள்ளியிருந்தால் அவை கோணியிருக்கும். இவையோ குறடு போட்டு மேல்நோக்கிப் பிடுங்கியவைபோல் நேராக இருந்தன. கூரைமேல் ஏறி முகட்டைத் தாண்டும் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுக்கும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் அசையாமல் நிற்கும் காற்றின் அழுத்தம் அப்படிக் குறையாததால், அது தகரத்தை அடியிலிருந்து தூக்குகிறது. ஓடும் நீரை வைத்து டேனியல் பெர்னூலி 1738-ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதிவைத்த உண்மைதான் இது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்றில் இந்தத் தூக்கும் விசை சதுர மீட்டருக்குச் சுமார் 24 கிலோ எடைக்கு நிகராகலாம். ஓரங்களிலும் மூலைகளிலும் அதைவிடக் கூடும். அதே அளவுத் தகரத்தின் எடையோ ஏறத்தாழ 5 கிலோ. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். தகரத்துக்கு இரண்டு செங்கல் என்று கணக்குப் போட்டவர் எந்தக் காற்றை மனத்தில் வைத்துப் போட்டாரோ தெரியவில்லை.

கடைசி வீட்டுப் பாட்டி இப்போதெல்லாம் காற்று இரையத் தொடங்கியதுமே பேரனை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுகிறார். கூரை போனால் நனைவதோடு போகும், மேலிருக்கும் கல் தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, தங்களிடம் இருக்கலாம்.

எங்களுக்கு வேண்டியது இரும்புப் பட்டை. துரை பங்களாவின் கூரையில் கைமரத்தைச் சுவரோடு இறுக்கியிருக்கும் அதே பட்டைதான். அங்கே வீசுவதும் இதே காற்றுதானே. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, துரைமார்கள் பலர் வந்து போனார்கள், கிராணிமார்கள் மாறினார்கள். லயத்துக் கூரைக்கு மட்டும் அன்று அடித்த ஆணியே போதுமென்று இருந்துவிட்டது. சொல்லப் போனால் குறை இன்னும் நீளும். இம்மடல் கூரைக்காக மட்டுமே என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

ஆகவே, பருவக்காற்று மாறும் அக்டோபருக்கு முன்னதாக, ஒவ்வொரு வீட்டிலும் கைமரங்களை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்து, தகரங்களை ஆணிக்குப் பதிலாகத் திருகாணியால், ஓரங்களில் நெருக்கமாக, முடுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். செங்கற்களை இந்த வாரமே இறக்கிவிடவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கீழ் லயத்துக் குடியிருப்பாளர்கள் சார்பில் ஒருவன்