கிரிகரி பெக் திரையிடல்: இன்னும் 72,500 ரூபாய் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

வரும் 25ஆம் தேதிக்குள், ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக் நடித்த படங்களின் திரையிடல் உரிமைக்குப் பாக்கித் தொகையைக் கட்டியாக வேண்டும். கட்டவில்லை என்றால் படம் வராது. அதனால்தான் மறுபடியும் உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

கிரிகரி பெக் யார் என்று நம் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1969இல் வந்த ‘மெக்கன்னாஸ் கோல்டு’ அமெரிக்காவில் எடுபடவில்லை. இந்தியாவில் ஓடு ஓடென்று ஓடியது. வசனம் புரியாமலே அதை நாலைந்து தடவை பார்த்தவர்கள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர். ஆனால் அந்த ஒரு படத்தோடு அவரை முடித்துவிடக் கூடாது. 1944இல் நடிக்க வந்தவர், 1949 வரையிலான படங்களுக்கே நான்கு முறை ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். யூத வெறுப்பைத் தட்டிக்கேட்கும் கதை வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்லியும் ‘ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்’ படத்தில் நடித்தார். ‘ரோமன் ஹாலிடே’யில் புதுமுகம் போல வந்த ஆட்ரி ஹெப்பர்ன் பெயரையும் தன் பெயருக்குச் சமமாகப் போடச் சொன்னவர் அவர்தான். எந்தக் கதாநாயகன் இதைச் செய்வார்?

அப்புறம் 1962. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் நிற்கும் கறுப்பினத்தவருக்காக வாதாடும் வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச். நாவலை எழுதிய ஹார்பர் லீ, தன் தந்தையின் கடியாரத்தை, சங்கிலி கோத்த அந்தப் பழைய பாக்கெட் கடியாரத்தை, அட்டிகஸாக நடித்த பெக்குக்கே கொடுத்துவிட்டார். அதோடுதான் பெக் ஆஸ்கர் மேடையேறினார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் தலைவர் பெக். விருது விழா இரண்டு நாள் தள்ளிப்போனது.

இந்த நான்கோடு ‘டுவெல்வ் ஓ’க்ளாக் ஹை’யையும் சேர்த்து, ஐந்து படங்களைத் தமிழ் சப்டைட்டிலோடு நம் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறோம். உரிமைத் தொகை 90,000. சப்டைட்டில் 40,000. மண்டபம் 35,000. புரொஜெக்டர், ஒலி 20,000. ஆக 1,85,000 ரூபாய். வந்தது 1,12,500.

கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே கவரில் வைத்துத் தந்த தலைமையாசிரியர் ஐயா, வாராவாரம் நூறு ரூபாய் தரும் டீக்கடை அண்ணன், மறைந்த கணவர் ஆசையாகப் பார்த்த படம் என்று சொல்லிக் கண்கலங்கி ஐயாயிரம் தந்த அம்மா, உண்டியலை உடைத்து எண்ணிக்கொண்டு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். இவர்கள் குடும்பம் நன்றாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறோம்.

போன வருடத் திரையிடலில் முன்வரிசையில் உட்கார்ந்து இலவசமாகப் பார்த்தவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் இன்னும் “அடுத்த வாரம் தருகிறேன்” என்கிறார்கள். குழந்தைகள் உண்டியலை உடைத்திருக்கும்போது பெரியவர்கள் நாம் பையைத் துழாவிக்கொண்டிருக்கலாமா?

ஐம்பது ரூபாயானாலும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி இரவு கணக்கை முடிக்கிறோம்.

அன்புடன்,
திரையிடல் குழுவினர்