சதவீதத்தை மட்டும் போட்டுப் பள்ளிகளை வரிசைப்படுத்தாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததுமே மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ச்சி சதவீதத்தை வைத்து முதலிடம், கடைசி இடம் என்று வரிசைப்படுத்திப் போட்டுவிடுகிறீர்கள். அதைப் பார்த்துத்தான் பலர் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

சின்ன கிராமப்புற மாவட்டத்தில் பள்ளிகளும் பெரும்பாலும் சின்னவை. 20 பேர் எழுதும் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி 95 சதவீதமாக இறங்கிவிடும், 200 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளை தவறினால் 99.5, யார் கண்ணிலும் படாது. ஆசிரியர்களும் மாறவில்லை, பாடமும் மாறவில்லை, ஆனால் போன வருடம் முதலிடம், இந்த வருடம் கடைசி! அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளின் மதிப்பெண்களை ஹோவர்ட் வெய்னர், ஹாரிஸ் ஸ்வெர்லிங் என்ற இருவர் அலசி 2006-ல் எழுதினார்கள். மேல்வரிசையில் சிறிய பள்ளிகள் தங்கள் பங்குக்கு மீறி இருந்தன. சரி, சின்னப் பள்ளிதான் நல்லது போல என்று நினைத்தால், அடிவரிசையிலும் அதே மாதிரி பங்குக்கு மீறி இருந்தன. ஆள் குறைந்தால் சதவீதம் இப்படித்தான் ஆடும்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். ஒன்பதாம் வகுப்பில் 60 பேர் இருந்து பத்தாம் வகுப்புத் தேர்வை 45 பேர்தான் எழுதினார்கள் என்றால், மீதி 15 பேர் எங்கே? உங்கள் பட்டியலில் அவர்கள் இல்லவே இல்லை. படிப்பு வராத பிள்ளையை டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்லும் பள்ளி நூற்றுக்கு நூறு காட்டலாம், அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, மாலையில் தனியாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்து, எப்படியாவது தேர்வு அறை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பள்ளி உங்கள் கணக்கில் கீழே போய்விடுகிறது. அந்த ஆசிரியர்களுக்கு நாம் தரும் பரிசு இதுதானா?

கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிற பள்ளியையும் எல்லாப் பாடத்துக்கும் ஆள் இருக்கிற பள்ளியையும் ஒரே வரிசையில் நிறுத்துவதும் நியாயமில்லை.

அடுத்த முறை மூன்று வருட முடிவுகளைச் சேர்த்துப் போடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். இதற்கெல்லாம் பக்கத்தில் இடமில்லை என்றால் முதலிடம், கடைசி இடம் என்ற வரிசையை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்