ஞாயிறு கர்ஜத் அறுவடை

பிரியமானவர்களே, ஸ்தோத்திரம். தாராவி, சயான் குடும்பங்கள் கவனிக்கவும். வரும் ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் கர்ஜத் பக்கம் நெல் அறுவடைக்குப் போகிறோம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அரிவாள் பிடித்துப் பார்த்தால்தான் ரூத்தின் கதை நெஞ்சில் இறங்கும். வயல் ஓரத்தைத் தீர அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடச் சொல்கிறது லேவியராகமம் 19. அப்படிச் சிந்திய கதிரைப் பொறுக்கித்தான் மோவாபியப் பெண்ணான ரூத் மாமியாரைக் காப்பாற்றினாள். தாவீதின் பாட்டன் ஓபேத் அவள் பெற்ற பிள்ளை.

யூதர்கள் வாரங்களின் பண்டிகையில் வாசிப்பதும் இதே ரூத்தைத்தான். தாணேயில் இருக்கும் பெனே இஸ்ரவேல் என்ற யூத மக்களின் முன்னோர் கொங்கணத்தில் செக்காட்டியவர்கள். ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றே பெயர். இவர்களுக்கு இயேசுவைச் சொல்ல ஆசைப்படுகிறோம், சரி. ஆனால் கைப்பிரதியை நீட்டுவதற்கு முன் ரோமர் 11 வாசியுங்கள்: நாம் ஒட்டவைத்த காட்டொலிவக் கிளை, இஸ்ரவேல் என்ற வேர்தான் நம்மைச் சுமக்கிறது. முதலில் பழகுங்கள். கேட்டால் சொல்லுங்கள். ஓய்வுநாளில் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

வருகிறவர்கள் வெள்ளிக்குள் பெயர் கொடுங்கள். முழுக்கைச் சட்டை அவசியம், நெல் சுணை ரொம்ப அரிக்கும்.