பாஸ்போர்ட் போட்டோவும் ஜெரேனியம் தைலமும்

குன்னூர்,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. மூன்று நாளாக மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. மழை விட்டபாடில்லை. நேற்று விடியற்காலையில் ஒரு காட்டெருமை வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் பீன்ஸ் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றது. எங்கள் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "விருந்தாளி வந்திருக்கிறார், காபி போடு" என்றார். அவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதனால்தான் இந்தக் கேலியெல்லாம்.

பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவைக் கையில் வாங்கியதும் "இது நான் இல்லை, என் அம்மா" என்று தோன்றியதாக எழுதியிருந்தாய். சிரித்தேன். பிறகு எழுந்து போய் என் கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். நமக்கு 62 ஆகிவிட்டது கமலா. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்திலேயே தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. எண்ணெய்ச் சுரப்பும் அடங்கிவிடுகிறது. தூணும் போய்ச் சாந்தும் போனால் சுவர் எப்படி நிற்கும்?

மெல்பர்னில் இருக்கும் உன் சின்னவள் சொன்னாள் என்று வாசனைத் தைலங்கள் ஏழு குப்பி வாங்கி வைத்திருக்கிறாய். எதை எத்தனை சொட்டு கலப்பது என்று பட்டியல் போட்டுக் கேட்டிருக்கிறாய். ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு மேல் டைட்ரேஷன் கணக்கோடு என் கட்டிலுக்கு வரும் பழைய கமலாதான் அந்தப் பட்டியலில் தெரிந்தாள். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் என்பதால் என்னிடம் கேட்கிறாய். ஆகவே, அந்த வேதியியல் டீச்சர் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதுவரை இதை யாருக்கும் எழுதியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நானும் உன்னைப் போலவே ஆசைப்பட்டு ஒரு கடையில் எலுமிச்சைத் தைலம் (நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை, ஆங்கிலத்தில் லைம்) வாங்கினேன். தோலைப் பிழிந்து எடுத்தது என்று சீட்டில் போட்டிருந்தது. "இயற்கைதானே மேடம், எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்" என்றார் கடைக்காரர். 30 மில்லி பாதாம் எண்ணெயில் 15 சொட்டு விட்டேன். மறுநாள் காலை முகத்திலும் கழுத்திலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி பார்க்கப் போனேன். மே மாத வெயில். குளிர்ந்த காற்று அடித்ததால் வெயிலே உறைக்கவில்லை, மூன்று மணி நேரம் சுற்றினேன். இரண்டாம் நாள் கன்னம் சிவந்து எரிந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் பட்டை பட்டையாக அடையாளம் விழுந்தது. கழுத்தில் என் விரல்கள் போன வழி அப்படியே தெரிந்தது, நான்கு கோடு. அது மறைய தீபாவளி தாண்டிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் எண்ணெய் தெறித்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

எலுமிச்சைத் தோலில் ஃபியூரனோகூமரின் என்று ஒரு வகைப் பொருள் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன்மேல் பட்டால் அது தோலைச் சுட்டுவிடும். கழுவாமல் முகத்தில் விட்டுவைக்கும் பூச்சில் பிழிந்த எலுமிச்சைத் தைலம் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பாதுகாப்பு வரம்பு வைத்திருக்கிறார்கள். நான் விட்டது 2.5 சதவீதம். 20 சொட்டு சுமார் ஒரு மில்லி, நீயே கணக்குப் போட்டுப் பார். பெர்கமாட் என்ற இன்னொரு எலுமிச்சை இனப் பழத்தின் தைலத்துக்கு வரம்பு இன்னும் குறைவு, 0.4.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே எலுமிச்சையைக் காய்ச்சி வடித்த தைலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1983இல் கல்லூரிச் சுற்றுலா வந்தபோது சாலையோரத்தில் நீலகிரித் தைலம் காய்ச்சிய கொட்டகைக்குள் நீ நுழைந்துவிட்டுத் தும்மிக்கொண்டே வெளியே ஓடி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய பீப்பாய் நிறையக் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை, அடியில் நெருப்பு, நீராவி ஒரு குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றிப் போகும். முனையில் தண்ணீரும் தைலமும் சேர்ந்து சொட்டும், தைலம் மேலே மிதக்கும். 1843இல் ஆங்கிலேயர் இந்த மலையில் கொண்டுவந்து நட்ட மரம் அது. அந்தக் கொட்டகையை மனதில் வைத்துக்கொண்டால் உன் ஏழு குப்பியும் புரிந்துவிடும். நீராவியோடு ஏறிப் போகக்கூடிய லேசான பொருள்தான் குப்பிக்கு வரும், கனமானது பீப்பாயிலேயே தங்கிவிடும். எலுமிச்சையில் சுடுகிற பொருள் கனமானது, அதனால் வடித்த தைலத்தில் இல்லை.

இதே கணக்கைக் குந்திரிக்கத் தைலத்துக்கும் போடு. சுருக்கத்துக்கு நல்லது என்று உன் மகள் முதலில் எழுதியிருப்பது அதைத்தான். குந்திரிக்கப் பிசினில் வீக்கத்தைத் தணிக்கும் பாஸ்வெல்லிக் அமிலங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவையும் கனம். பிசினோடு அடியில் தங்கிவிடும். குப்பியில் இருப்பது வாசனை மட்டும். நல்ல வாசனைதான், மாதா கோவிலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதற்காக வைத்துக்கொள், சுருக்கத்துக்காக வேண்டாம்.

ரோஜாத் தைலம் 10 மில்லி 180 ரூபாய் என்று எழுதியிருக்கிறாய். ஒரு கிலோ ரோஜாத் தைலம் எடுக்க 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். அப்படியானால் உன் குப்பிக்கு மட்டும் முப்பது கிலோ பூ. கும்பகோணம் பூக்கடையில் 180 ரூபாய்க்கு முப்பது கிலோ ரோஜா தருவார்களா என்று கேட்டுப் பார், அடிக்க வருவார்கள். அந்தக் குப்பியில் இருப்பது வேறு ஏதோ. முகத்துக்கு வேண்டாம். இலவங்கப்பட்டைத் தைலத்தைக் கன்னத்துக்குக் கிட்டவே கொண்டுவராதே, அது தோலை அரித்துப் புண்ணாக்கும் வகை. டீ ட்ரீ பருவுக்கு உதவும், இந்த வயதில் நமக்குப் பருவா வரப்போகிறது? மிச்சம் இருப்பது லாவண்டரும் ஜெரேனியமும். இரண்டும் நல்லவை. ஜெரேனியத்தில் ரோஜாவில் உள்ள அதே சிட்ரோனெல்லோல், ஜெரேனியோல் என்ற வாசனைப் பொருள்கள் இருப்பதால் ஏழை வீட்டு ரோஜா என்று சொல்லலாம். எங்கள் மலையிலும் பயிராகிறது.

இனி நீ கேட்ட செய்முறை. பாதாம் எண்ணெய் 20 மில்லி, ஹோஹோபா என்ற விதை எண்ணெய் 10 மில்லி. ஹோஹோபா விலை அதிகம் என்றால் சமையலறையில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெயே போதும். தோலின் மேலடுக்கைக் காப்பதில் அது ஆலிவ் எண்ணெயைவிட மேல். ஆலிவில் ஓலியிக் அமிலம் அதிகம், வறண்ட தோலை அது மேலும் இளக்கிவிடும். இதில் ஜெரேனியம் 3 சொட்டு, லாவண்டர் 2 சொட்டு. அவ்வளவுதான். முகத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் போகவே கூடாது. வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை ஊசியால் குத்திப் பிழிந்துவிட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது தள்ளிப்போகும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி அலமாரிக்குள் வை, அடுப்பு மேடையில் வைக்காதே. முதலில் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டுத் தேய்த்து இரண்டு நாள் பொறுத்துப் பார். இரவில் முகம் கழுவி, துடைத்தும் துடைக்காமலும் ஈரமாக இருக்கும்போது நான்கு சொட்டுப் பூசு. எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைத்தான் மூடிப் பிடித்துவைக்கும்.

லாவண்டர் குப்பியைத் திறந்து ஒரு வருடம் ஆகிவிட்டால் முகத்துக்கு வேண்டாம், தரை துடைக்கிற தண்ணீரில் ஊற்றிவிடு. அதில் உள்ள லினலூல் காற்றுப் பட்டு மாறும்போது ஒவ்வாமை தருகிற பொருளாகிவிடுகிறது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அந்தத் தோல் அதை மறப்பதில்லை, பிறகு சோப்பில் லாவண்டர் இருந்தாலும் அரிக்கும்.

கற்றாழையும் பன்னீரும் சேர்த்துக் கிரீம் செய்யப்போவதாகவும் எழுதியிருந்தாய். செய்யாதே. தண்ணீர் கலந்த எதுவும் இரண்டு மூன்று நாளில் கிருமிக்கு வீடாகிவிடும். வாசனைத் தைலம் அதைத் தடுக்கும் என்று நம்பி நான் வைத்த டப்பாவில் ஒரு வாரத்தில் பச்சைப் பூஞ்சணம் பூத்தது. கற்றாழை வேண்டுமென்றால் அன்றைக்கு வெட்டி அன்றைக்கே பூசிக் கழுவிவிடு.

உனக்குப் பிடிக்கப்போகிற ஒரு விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். உன் அம்மா ஹாஸ்டலுக்கு அனுப்புவாரே நலங்கு மாவு, நாமெல்லாம் டப்பாவைப் பிடுங்கி அடித்துக்கொள்வோமே, அதில் கார்போக அரிசி போடுவார், இல்லையா? அந்த விதையிலிருந்து பகுச்சியோல் என்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்து இன்று உலகமெங்கும் சுருக்கத்துக்கு விற்கிறார்கள். 2019இல் வந்த ஓர் ஆய்வில் 44 பேருக்குப் பன்னிரண்டு வாரம், ஒரு பகுதியினருக்குப் பகுச்சியோல், மற்றவர்களுக்குச் சுருக்கத்துக்கு வழக்கமாகப் பூசும் ரெட்டினோல் (வைட்டமின் ஏ வகை) கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சமமாகச் சுருக்கத்தைக் குறைத்தன, பகுச்சியோல் பூசியவர்களுக்குத் தோல் உரிவதும் எரிவதும் குறைவு. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் படித்தபோது எழுந்து நின்று உன் அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

உடனே கார்போக அரிசியை வாங்கி நல்லெண்ணெயில் ஊறவைக்கக் கிளம்பிவிடாதே! உன்னை எனக்குத் தெரியும். அதே விதையில் சோரலெனும் இருக்கிறது. அது என் கழுத்தைச் சுட்ட எலுமிச்சைப் பொருளின் நெருங்கிய உறவு. வெண்புள்ளிக்கு அந்த விதையைப் பூசி வெயிலில் உட்காரச் சொல்வதே தோலை நிறம் மாற்றுகிற அந்த வேலைக்காகத்தான். நலங்கு மாவில் கொஞ்சம் போட்டுத் தேய்த்து உடனே கழுவிவிடுகிறோம். எண்ணெயில் ஊறவைத்து விடிய விடிய முகத்தில் வைத்திருப்பது வேறு கதை. கடையில் வரும் பூச்சில் சோரலெனை நீக்கிப் பகுச்சியோலை மட்டும் வைக்கிறார்கள், வீட்டு உரலில் அதைச் செய்ய வழியில்லை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இதைத்தான் உன் மகள் சொல்லியிருக்க வேண்டும். நம் முகத்தில் கோடு போட்டதில் பெரிய பங்கு வயதுக்கு இல்லை, வெயிலுக்கு. எங்கள் வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் ஜீப் ஓட்டினார். அவருடைய வலது முன்கையையும் இடது முன்கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி கை மாதிரி இருக்கும். அமெரிக்காவில் 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை 2012இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் வறண்ட வயல் மாதிரி வெடித்துத் தொங்கியது. கண்ணாடி மூடியிருந்தாலும் அந்தக் கதிரில் ஒரு வகை உள்ளே வந்துவிடும்.

நீ போகிற ஆஸ்திரேலியாவிலேயே, குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில், தொள்ளாயிரம் பேரை வைத்து நாலரை வருடம் பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் அந்தக் காலத்தில் கூடுதலாக மூப்படைந்ததற்கு அடையாளமே இல்லை. 2013இல் முடிவு வந்தது. எந்த வாசனைத் தைலத்துக்கும் இப்படி ஒரு சான்றை நான் படித்ததில்லை. நீ போவது டிசம்பரில். அங்கே அது கோடை. எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கிக்கொள், கஞ்சத்தனம் பார்க்காமல் பூசு, சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு நடக்காமல் குடை பிடி. இந்தக் குன்னூரில் 1,850 மீட்டர் உயரத்தில் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நானே தினமும் பூசுகிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் கதிர் பத்து சதவீதம் கூடும், குளிர் அதைக் காட்டிக்கொடுக்காது.

தைலம் எதற்கு என்று கேட்பாய். எனக்கு இரவில் அந்த ஐந்து நிமிடம் பிடித்திருக்கிறது. அவர் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார், நான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தில் எண்ணெய் தேய்ப்பேன், ஜெரேனியம் வாசனை அறை முழுக்கப் பரவும். "பூக்கடைக்குள் வந்த மாதிரி இருக்கிறது" என்பார் அவர், நாற்பது வருடத்தில் அவர் சொன்ன அதிகபட்சக் காதல் வசனம். சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது. தோல் காலையில் காகிதம் மாதிரி இழுப்பதில்லை.

அடுத்த வாரம் என் தம்பி மகன் தஞ்சாவூர் வருகிறான். அவனிடம் ஒரு குப்பி கொடுத்தனுப்புகிறேன், நான் கலந்தது. எலுமிச்சை இல்லை, பயப்படாதே. அவனிடம் அந்த பாஸ்போர்ட் போட்டோவில் ஒரு பிரதி கொடுத்துவிடு. எட்டு எடுத்திருப்பார்கள், ஒன்று போனால் குறைந்துவிடாது. உன் மூத்தவளின் மஞ்சள் நீராட்டுக்கு வந்தபோதுதான் உன் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தேன், அவருக்கு அப்போது நம் வயதுதான் இருக்கும். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சாந்தா