டேட்டாவின் கையிலிருந்த பூதக்கண்ணாடி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு இடது கண்ணின் வெண்புரையை அகற்றி ஆறு வாரமாகிறது; பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது.

ஓய்விலிருந்த நாட்களில், மகன் தேடித் தந்த ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்கப்பல் தொடரைப் பார்த்தேன். 1988இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், டேட்டா என்னும் மனித உருவ இயந்திரம் ஷெர்லக் ஹோம்ஸாக வேடமிடுகிறது. அதன் நண்பன் ஜோர்டி வாட்சனாக வருகிறான். 1887இல் வெளியான தன் முதற்கதையிலேயே அளவுநாடாவையும் பெரிய வட்டப் பூதக்கண்ணாடியையும் சட்டைப்பையிலிருந்து எடுத்தவர் ஹோம்ஸ். ஆகையால் நூறாண்டு கழித்து அவர் வேடம் பூணுபவருக்கும் அந்தக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. ஆனால் டேட்டாவின் மஞ்சட் கண்களுக்கு வில்லை எதற்கு? பிறவியிலேயே பார்வையற்ற ஜோர்டியும், கண்களை மூடி அணியும் வைசர் என்ற கருவியால், நாம் காணாத அலைகளையும் காண்பவன்.

அதே கப்பலில் எதையும் அளந்தறியும் ட்ரைகோடர் இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடித்தால் நமக்குத் தெரிவது ஒரு பெட்டி மட்டுமே. பூதக்கண்ணாடியைத் தூக்கினாலோ, பார்க்கிறவரின் கண்ணே பெருத்துத் தெரிகிறது. பார்த்தல் என்ற செயலையே பார்வையாளனுக்குக் காட்டுகின்ற வேறொரு கைப்பொருளை என்னால் நினைக்க முடியவில்லை.

இதை இவ்வளவு எண்ணுவதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள பாடசாலையொன்றின் விஞ்ஞான நாடகத்துக்கு உதவுமாறு கேட்டிருந்தார்கள். அதில் வரும் இயந்திர மனிதனுக்கு நான் ஒரு பெரிய கைவில்லையைக் கொடுத்தேன். யன்னலின் விம்பத்தைச் சுவரில் விழுத்தி அளந்தபோது, விம்பம் தெளிவாக விழும் தூரம், அதாவது அதன் குவியத் தூரம், ஏறத்தாழ 30 செ.மீ. இருந்தது. கண்ணிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பிடித்தால், மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவருக்கும் அந்தக் கண் இருமடங்காகத் தெரியும். ஒத்திகையில் அச்சிறுவன் உற்சாகத்தில் கையை முழுவதுமாக நீட்டிவிட்டான். வில்லை குவியத் தூரத்தைத் தாண்டியதும் அவன் முகம் தலைகீழாகிவிட்டது. பிள்ளைகள் சிரித்து முடியும்வரை காத்திருந்து, காரணத்தை அங்கேயே விளக்கினேன். பாடவேளையில் கதிர்ப்படம் வரையச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகள், அன்று தாங்களாகவே அளவுகோல் எடுத்து வந்து அளந்தார்கள். மின்குமிழின் ஒளி கண்ணாடியில் பட்டு முன்வரிசையைக் கூசவைத்ததால், வில்லையைச் சற்றுக் கீழே சாய்த்துப் பிடிக்கப் பழக்கியிருக்கிறோம்.

அப்போதுதான் உன் அப்பாவின் மணிக்கூடு திருத்தும் கடை நினைவுக்கு வந்தது. புருவத்துக்கும் கன்னத்துக்கும் இடையில் அந்தக் கறுப்பு வில்லைக் குழலை இடுக்கிக்கொண்டு, மூச்சையும் அடக்கி, மயிரிழை போன்ற சுருள்கம்பியை அவர் நிமிர்த்துவார். வெளியே நிற்கும் நமக்கு அவருடைய குனிந்த முதுகுதான் தெரியும். குழலைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றிச் சிவந்த வளையமொன்று இருக்கும். மேடைக் கண்ணாடி பிறருக்குக் காட்டுவதற்கானது. அவருடையது அவர் ஒருவருக்கே உரியது.

அதை நீ இன்னும் வைத்திருப்பாய் என்றே நம்புகிறேன். அடுத்த முறை கல்முனையிலிருந்து வரும்போது மறவாமல் எடுத்து வா. மேடைக்கு அது உதவாது. ஆனாலும் அந்தச் சிறுவன் ஒருமுறையாவது அதன் வழியே ஒரு மணிக்கூட்டின் உள்ளே பார்க்க வேண்டும். திறந்து வைக்க என் பழைய கைக்கடிகாரம் இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்