சுமைச் சோதனைக்கு முன் எண்கள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். நெல் விற்பனைப் பதிவுச் செயலிக்குச் சுமைச் சோதனை, அதாவது பலர் ஒரே நேரத்தில் வந்தால் அது தாங்குமா என்ற சோதனை, நடத்த ஜேமீட்டர் என்ற மென்பொருள் தயாராக இருக்கிறது. ஆனால் எந்த அளவை எட்டினால் தேர்ச்சி என்பது இன்னும் எழுத்தில் இல்லை. "வேகமாக இருக்க வேண்டும்" என்பது ஆசை; "பதிவுகளில் 95 வீதமானவை 2 செக்கனுக்குள் முடிய வேண்டும்" என்பதே தேவை. சராசரியை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள். நெடுநேரம் காத்திருந்தவரை அது மறைத்துவிடும்.

கிளிநொச்சிக்குப் போகிறவர்கள் கமக்காரரிடம் "எத்தனை பேர் பயன்படுத்துவீர்கள்" என்று கேட்க வேண்டாம். நெல்லை எந்த மாதம் விற்கிறார்கள், எத்தனை மணிக்குக் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்போக அறுவடை நாள்தான் நமது உச்சம். அரை மணி நேரத்தில் 600 பேர் வந்து ஆளுக்கு 3 நிமிடம் இருந்தால், ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் சராசரியாக 60 பேர். நிமிடத்துக்கு 20 பேர், ஆளுக்கு 3 நிமிடம்; இரண்டையும் பெருக்கினால் போதும். வரிசைகளை ஆராய்ந்த ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. கணக்கை இப்படியே போடுங்கள்.

போன கிழமை இரணைமடுப் பக்கம் ஓர் ஐயா, நெல் மூட்டையில் சாய்ந்தபடி, திரையில் வட்டம் சுழலச் சுழலப் பொத்தானை மூன்று தரம் அழுத்தினார். மூன்றும் தனித்தனிக் கோரிக்கைகளாகச் சேவையகத்துக்கு வந்தன. அந்த அழுத்தல்களும் சுமைதான். சோதனையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். அலைவரிசை மெலிந்த இடங்களில் நின்று நேரத்தை அளந்து வாருங்கள்.

குறிப்புகளை வெள்ளி மாலைக்குள் இங்கே இடுங்கள். முல்லைத்தீவுக்கு யார் போகிறீர்கள் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள்.