நெல்லுக்கு உத்தரவாத விலை எந்தத் திகதியில் வரும்? தேசிய மக்கள் சக்தியின் கிழக்கு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையை ஆளும் தேசிய மக்கள் சக்தியின் மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறை) மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும்,

தோழர்களே,

2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பில் மட்டும்தான் நீங்கள் முதலிடம் பெறவில்லை. தமிழ்த் தேசிய உணர்வுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியைத் தேட வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்க வேண்டும்.

வசதியுள்ளவர் கூடுதல் வரி கட்டட்டும், சோறும் மருந்தும் பள்ளிக்கூடமும் சந்தையின் தயவில் கிடக்க வேண்டாம் என்பதில் நாங்களும் உங்கள் பக்கம்தான். அந்த உரிமையில்தான் கேட்கிறோம்.

முதலில் சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு. நாடு எவ்வளவு கடனைத் தாங்கும் என்ற கடன் தாங்குதிறனை நீங்களே மாற்றாக மதிப்பிடுவதாகவும், வருமான வரி விலக்கெல்லையை மாதம் 2 இலட்சம் ரூபாவாக்குவதாகவும், அத்தியாவசிய உணவுக்கு வற் வரியை நீக்குவதாகவும் விஞ்ஞாபனத்தில் எழுதினீர்கள். ஜனாதிபதித் தேர்தல் வாக்களிப்புக்கு இரண்டே நாள் முன்னதாக, 2024 செப்டெம்பர் 19இல், பழைய அரசாங்கம் நாட்டின் பிணைமுறிகளை வைத்திருக்கும் வெளிநாட்டுக் கடன்காரரோடு செய்துகொண்ட உடன்பாட்டை ஒக்டோபரில் ஏற்றீர்கள். டிசம்பரில் பழைய பிணைமுறிகளுக்குப் புதியவற்றைக் கொடுக்கும் பரிமாற்றமும் முடிந்தது. விலக்கெல்லை 2025 ஏப்ரலில் ஒன்றரை இலட்சத்தோடு நின்றது. வற் 18 வீதத்திலும், முதன்மை மீதி (வட்டிச் செலவு நீங்கலான அரச வரவு செலவு மிச்சம்) இலக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 வீதத்திலும் அப்படியே இருக்கின்றன.

ஆட்சிக்கு வந்த கையோடு அந்தப் பேச்சை முதலிலிருந்து தொடங்கியிருக்க முடியாது என்பது எங்களுக்கும் விளங்குகிறது. விளங்காதது உங்கள் மௌனம். எதைக் கைவிட்டீர்கள், ஏன், மறுபடி எப்போது கையிலெடுப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாமே. அந்தப் பிணைமுறிகளில் ஒரு பகுதி, நாட்டின் உற்பத்தி எதிர்பார்த்ததைவிடக் கூடினால் கடன்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வகை. இதைக் களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ எந்தக் கூட்டத்தில் விளக்கினீர்கள்?

இனி, நாணய நிதியம் உங்கள் கையைக் கட்டாத இடத்துக்கு வருவோம். நெல்.

2024 டிசம்பரில் அரிசிக்குத் தட்டுப்பாடு. நாட்டரிசியின் சில்லறை உச்ச விலையை 230 ரூபா என்று வர்த்தமானியில் போட்டீர்கள். கிலோவுக்கு 65 ரூபா வரியோடு இறக்குமதிக்கும் வாசல் திறந்தது; காலம் 2025 ஜனவரி 10 வரை நீண்டது. கிழக்கில் பெரும்போக வெட்டு பல மாவட்டங்களுக்கு முந்தியே தொடங்கிவிடும். ஆக, வெளியரிசி களஞ்சியத்தில் இறங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் இங்கே வயலில் மெஷின் இறங்கியது. அரசு நெல்லை வாங்கும் உத்தரவாத விலையை அறிவித்தது பெப்ரவரி 5இல்: நாட்டு நெல் கிலோ 120, சம்பா 125, கீரி சம்பா 132 ரூபா. அதற்குள் முந்தி விளைந்த வயல்களின் நெல் லொறியேறிப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய்விட்டது. ஜனாதிபதி தாமே 2004, 2005இல் விவசாய அமைச்சராக இருந்தவர். எந்த மாவட்டத்தில் எப்போது வெட்டு என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருக்காது.

விலை வந்த பிறகும் ஒரு முடிச்சு இருக்கிறது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபையின் விலை 14 வீத ஈரப்பதனுக்குரியது. வெட்டும் மெஷினிலிருந்து விழும் நெல்லில் 20 வீதத்துக்கு மேலும் ஈரம் இருக்கும். வாடைமழை முற்றாக ஓயாத மாதத்தில் எங்கே காயப்போடுவது? தார் வீதியிலா? ஈரநெல்லைச் சாக்கில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் சூடேறும், அரிசி மஞ்சளாகும், முளையும் கிளம்பும். அதனால் வெட்டிய அன்றே, வயல் வரம்பிலேயே, வந்து நிற்கிற வியாபாரி கேட்ட விலைக்குப் போகிறது. மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்பது அதற்கு மேலே.

ஈரத்துக்கு விலை குறைவது நியாயம்தான். எவ்வளவு குறையலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. 20 வீத ஈரமுள்ள 1,000 கிலோவில் 800 கிலோ உலர்பொருள். அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 930 கிலோ வரும். 120 ரூபாப்படி அதன் பெறுமதி 1,11,600 ரூபா, அதாவது ஈரநெல் கிலோ 111 ரூபா 60 சதம். 18 வீதமென்றால் 114.40, 22 வீதமென்றால் 108.80. ஒவ்வொரு வீத ஈரத்துக்கும் 1 ரூபா 40 சதம் குறைகிறது, அவ்வளவுதான். இதில் காயவைக்கும் கூலியையும் கழித்துக்கொள்ளுங்கள். வயலில் 90 ரூபாவுக்குக் கேட்கிறவர் ஈரத்துக்காக மட்டும் குறைக்கவில்லை. வயற்காரர் அன்றிரவு நெல்லை வைத்திருக்க முடியாது என்பதற்கும் சேர்த்துத்தான் குறைக்கிறார்.

அடுத்தது பணம். 2025 வரவு செலவுத்திட்டத்தில் நெல் கொள்வனவுக்கு 500 கோடி ரூபா ஒதுக்கினீர்கள். கேட்கப் பெரிய தொகை. 120 ரூபாவால் பிரித்துப் பாருங்கள்: ஏறத்தாழ 41,600 தொன். சாதாரண ஆண்டில் நாட்டின் நெல் உற்பத்தி 40 இலட்சம் தொன்னைத் தாண்டும். ஆக நூற்றில் ஒரு பங்கு! அதை வாங்கிச் சந்தை விலையைத் தூக்கி நிறுத்த முடியாது. கொள்வனவு நிலையத்துக்கு முன்னால் நின்று படமெடுக்கலாம். அரசாங்கம் எல்லா நெல்லையும் வாங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, அது ஆகாத காரியம். ஆனால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சிறு ஆலைக்காரர் நெல்லைக் களஞ்சியத்தில் ஈடுவைத்துக் கடனெடுக்கும் வழியை அகலத் திறந்துவிட்டால், அதே 500 கோடி வட்டி மானியமாகப் பலமடங்கு நெல்லைத் தாங்கும். ஆண்டுக்கு 12 வீத வட்டி என்று வைத்தால், மூன்று மாதம் வைத்திருக்க ஒரு கிலோவுக்கு ஆகும் வட்டி 3 ரூபா 60 சதம். வாங்குவதற்கு 120 தேவை. தாங்குவதற்கு 4 போதும். களஞ்சியமும் கண்காணிப்பும் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நெல் இரண்டு வங்கியில் ஈடாகும். அதையும் அறிந்தேதான் சொல்கிறோம்.

கடையில் அரிசி 230, வயலில் நெல் 120 என்ற இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றும் யாராவது பார்த்தீர்களா? 100 கிலோ நெல் 12,000 ரூபா. குற்றினால் ஏறத்தாழ 64 கிலோ அரிசி. 230இல் 14,720 ரூபா. இடையிலுள்ள 2,720 ரூபாவும் தவிட்டுக் காசும்தான் அவியல், மின்சாரம், லொறி, மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லாருக்கும். பெரிய ஆலை இதைச் சமாளிக்கும். சிறிய ஆலை வயலில் விலையைக் குறைத்துக் கேட்கும், அல்லது கதவைச் சாத்தும்.

குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். ஹெக்டயருக்கு 25,000 ரூபா, கூடியது இரண்டு ஹெக்டயர் என்ற உர மானியம் கமநலசேவை நிலையப் பதிவின்படி போகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் எழுத்தில்லாக் குத்தகைக்கு வேளாண்மை செய்கிறவரின் பெயர் பல இடங்களில் அந்தப் பதிவில் இல்லை. 1958இல் அன்றைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டம் கொண்டுவந்தது உழுகிறவனுக்காக. இடதுசாரிக் கட்சி ஒன்று ஆளும்போதாவது உழுகிறவரின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டாமா?

(தமிழ்க் கட்சிகளின் நண்பர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டியதில்லை. நெல் விலை பற்றிய அவர்களது கொள்கையைக் கேட்டு அவர்களுக்கும் ஒரு மடல் வரும்.)

இதில் எதற்கும் வொஷிங்டனிலுள்ள நாணய நிதியத்தின் அனுமதி தேவையில்லை. மூலதனச் செலவுக்கு ஒதுக்கும் பணமே ஆண்டு முடிவில் மிஞ்சுகிற நாட்டில், கமநலசேவை நிலையங்களுக்குச் சில உலர்த்திகள் வாங்குவதால் முதன்மை மீதி சரிந்துவிடாது. அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இவற்றை வையுங்கள்: பெரும்போக விலையை டிசம்பர் 15க்கு முன் அறிவிப்பது, 14 முதல் 22 வரை ஒவ்வொரு வீத ஈரத்துக்கும் உரிய விலைப் பட்டியல், ஒவ்வொரு கமநலசேவை நிலையத்திலும் சரிபார்த்த ஈரமானியும் தராசும். பட்டியலைத் தமிழில் அச்சடித்து, மெஷின் இறங்கும் முன் வயல்வெளிகளைக் கவனிக்கும் வட்டை விதானைமாரின் கையில் கொடுங்கள். பெப்ரவரியில் கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் தொலைநகலை எதிர்பார்த்து இங்கே எந்த நெல்லும் காத்திருக்காது.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து
உங்களுக்கு வாக்களித்தவர்களும் வாக்களிக்காதவர்களும்